‘வேணும்தான்’ என்ற பதிலை எந்தக் கட்டத்தில் குறிப்பது? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக்கொள்கை முதுநிலைப் படிப்பின் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் மாணவர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. இதுவரை எல்லாருக்கும் கட்டாயமாக இருந்த 14 வாரக் களப்பணிப் பாடம் வரும் ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து விருப்பப் பாடமாகும், அதை எடுக்காதவர்கள் மாணவர்களே வெவ்வேறு தரப்பினராக நடித்து வகுப்பறையிலேயே செய்யும் உருவகப் பயிற்சியில் சேரலாம் என்பது முதலாவது. களப்பணியை எடுப்பவர்களும் ஆங்கிலத்தில் நடந்த நேர்காணல்களை மட்டுமே மதிப்பெண்ணுக்குரிய தரவாகக் காட்ட வேண்டும் என்பது இரண்டாவது. முதல் மாற்றத்துக்கு ஒரு பக்கம் முழுக்க விளக்கம் தந்திருந்தீர்கள். இரண்டாவது மாற்றம் பின்னிணைப்பில், பக்க எண்ணிக்கையும் எழுத்தளவும் பற்றிய விதிகளுக்கு நடுவில், ஒரே வரியாகக் கிடந்தது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இரண்டாவதை அறவே ஏற்கவில்லை.

இதை ஆங்கிலத்தில் உங்களுக்கு எழுதினேன். நான்கு வரிப் பதில் வந்தது. மதிப்பெண் வழங்குவதில் சீர்மை, மொழிபெயர்ப்புச் செலவு, தனிநபர் தரவுப் பாதுகாப்பு, வெளிநாட்டு மாணவர்களுக்குச் சமவாய்ப்பு என்று வரிக்கு ஒரு காரணம் இருந்தது. நான் எழுதிய எதற்கும் அதில் பதில் இல்லை. எனவே இப்போது பொதுவில் எழுதுகிறேன். இந்த முடிவால் யாருடைய பேச்சு உங்கள் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்படுகிறதோ, அவர்களில் சிலராவது படிக்கட்டும் என்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் குழுவிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரேனும் இருக்கிறார்.

எனக்கு 51 வயது. பகலில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாலையில் உங்களிடம் பகுதிநேரமாகப் படிக்கிறேன். கட்டணத்தைச் சொந்தச் சேமிப்பிலிருந்து கட்டுகிறேன். படிப்பின் மீது எனக்குக் குறை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவதை ஒரு கசந்துபோன மாணவனின் புலம்பல் என்று ஒதுக்குவது எளிதாகிவிடும். 1956இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் முடிவெடுத்தலை ஏழு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியதையும், நிர்வாகி எல்லா வழிகளையும் அலசி முடிவெடுப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதிலிருந்து ஓரிரு அடிதான் நகர்கிறார் என்று 1959இல் சார்லஸ் லிண்ட்ப்ளோம் சொன்னதையும், பிரச்சினை, தீர்வு, அரசியல் என்ற மூன்று ஓடைகளும் ஒன்றுசேரும் நேரத்தில்தான் கொள்கை மாற்றத்துக்கான சாளரம் திறக்கிறது என்ற ஜான் கிங்டனின் விளக்கத்தையும் உங்கள் ஆசிரியர்கள் உயிரோட்டத்துடன் கற்பித்தார்கள். முகப்பில் உட்கார்ந்து மனுவை வாங்கும் ஊழியர் எடுக்கும் முடிவுகளே கடைசியில் மக்களுக்குக் கொள்கையாகிவிடுகின்றன என்ற மைக்கேல் லிப்ஸ்கியின் வாதத்தைக் கேட்ட அன்று, 19 ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலைக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்து, கடைசி ரயிலில் வீடு திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதே வகுப்பில் இன்னொன்றும் நடந்தது. சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கொள்கையைப் பற்றிய பாடம் அது. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது, 1970களில் ‘இரண்டு போதும்’ என்ற இயக்கம் நடந்தது, அந்தப் பத்தாண்டிலேயே பிறப்பு விகிதம், மக்கள்தொகை குறையாமல் ஈடுசெய்யும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனாலும் ‘வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்’ என்று கொள்கை திரும்புவதற்கு 1987 ஆகிவிட்டது என்றெல்லாம் காலவரிசைப்படி விளக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது, நான்காவது பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்ற விதி திரையில் வந்தது. நான் 1974இல் பிறந்த மூன்றாவது பிள்ளை. “உனக்குத்தான்டா கூடக் கட்டுனோம்” என்று என் அம்மா வாழ்நாள் முழுவதும் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கேலிக்குள் எவ்வளவு வெட்கம் இருந்தது என்பது, பிரசவ அறையில் தன்னிடம் பேசப்பட்டதை அவர் ஒருநாள் தனியாகச் சொன்னபோதுதான் தெரிந்தது. வகுப்பில் அந்த விதி ஓர் ‘ஊக்கமிழப்புக் கருவி’. அந்தப் பெயரில் பிழையில்லை. அந்தக் கருவி ஒரு பெண்ணின் உடம்பில் எப்படிப் பட்டது என்று கேட்கும் பாடம் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் இப்போது விருப்பப் பாடமாக்கியிருக்கிறீர்கள்.

கொள்கை வகுப்பவர்கள் கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் உங்கள் பாடமே சொல்கிறது. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் 1984இல் வந்தது, மக்களின் எதிர்ப்பால் 1985இல் கைவிடப்பட்டது. மக்களின் கருத்தை அறிவதற்கென்றே அரசாங்கம் ஒரு பிரிவை அமைத்ததும் அதே 1985இல்தான். 2006இல் ‘ரீச்’ என்று பெயர் மாறியது அதுவே. நாடே கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைத் தேர்வுக் கேள்வியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதைச் செய்துபார்க்கும் வகுப்பை ஒதுக்குவது எனக்குப் புரியவில்லை.

இனி என் களப்பணிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு இன ஒருங்கிணைப்புக் கொள்கையை எடுத்துக்கொண்டேன். 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த அந்தக் கொள்கையை இங்கு விரிவாக விளக்கத் தேவையில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்புப் பேட்டை ஒவ்வொன்றிலும், புளோக் ஒவ்வொன்றிலும், எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்ற வரம்பை அது வைக்கிறது. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு முதலில் பேட்டைக்கு 10 விழுக்காடு, புளோக்குக்கு 13 விழுக்காடு என்றிருந்து, 2010இல் முறையே 12, 15 என்று உயர்த்தப்பட்டது. ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் இந்தியர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. ஒரே இனத்தவருக்குள் விற்பதற்கு மட்டும் தடையில்லை. சிறுபான்மை உரிமையாளருக்கு வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது, விலையும் அதற்கேற்ப இறங்கக்கூடும். இதெல்லாம் நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டவை.

ஈசூனில் அப்படி வரம்பு நிரம்பிய ஒரு புளோக்கின் ஆறாவது மாடியில் இருந்த பெரியவரை, பிலிப்பீன்ஸிலிருந்து வந்து படிக்கும் வகுப்புத்தோழர் ஒருவருடன் சென்று பார்த்தேன். பெரியவருக்கு 73 வயது. மனைவிக்கு முட்டிவலி, மகள் இருக்கும் செங்காங் பக்கம் சிறிய வீடாகப் பார்த்துப் போய்விட வேண்டும் என்பது அவருடைய திட்டம். எட்டு மாதமாக வீடு விற்கவில்லை. காப்பி வந்தது, முறுக்கு வந்தது, மனைவி உள்ளேயிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார். என் கையில் ஐந்து கட்டங்கள் கொண்ட வினாத்தாள் இருந்தது. “இந்தக் கொள்கை நமக்குத் தேவை என்று நினைக்கிறீர்களா ஐயா?” என்று கேட்டேன்.

“வேணும்தான்” என்றார்.

‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். 19 ஆண்டு அனுபவமுள்ள நான், தாய்மொழியில் காதாரக் கேட்டும், அந்தத் ‘தான்’ஐ நழுவவிட்டேன். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, தமிழில் ஒரு சொல்லும் அறியாத வகுப்புத்தோழர்தான் கேட்டார்: அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஏன் அவர் அவ்வளவு நேரம் சன்னலைப் பார்த்தார்? இரவு ஒலிப்பதிவைக் கேட்டேன். ‘வேணும்தான்’ என்ற சொல்லுக்குப் பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அது முடிவதற்குள் என் அடுத்த கேள்வி குறுக்கே பாய்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘வேணும்’ என்பது ஒரு பதில். ‘வேணும்தான்’ என்பது பாதிப் பதில். மீதியைக் கேட்பீர்களா என்று எதிரில் இருப்பவரைச் சோதிக்கும் சொல். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். மீதியைக் கேட்டேன்.

“1964 இனக் கலவரத்துல எனக்குப் பன்னெண்டு வயசு தம்பி. ஊரடங்கு போட்டாங்க, எங்க கம்பத்துக் குடியிருப்புல யாரும் வெளிய வரல. அதனால கலந்து இருக்கணும்னு அமைச்சர் தனபாலன் டிவியில சொன்னப்ப, சரிதான்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனக்கிறேன். ஆனா வீடு பார்க்க வர்றவங்ககிட்ட, உள்ள வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே நீங்க எந்த இனம்னு நான் கேட்க வேண்டியிருக்கு. முப்பத்தஞ்சு வருசமா இந்த புளோக்குல யாரையும் நான் அப்படிக் கேட்டதில்ல.”

விலை இறங்குவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. இனங்களைக் கலந்து வைப்பதற்காக வந்த ஒரு கொள்கை, வாசலில் நிற்பவரின் இனத்தை விசாரிக்கும் வேலையை ஒரு முதியவரிடம் ஒப்படைத்திருக்கிறது. அதை அவர் அந்தக் கொள்கையின் ஆதரவாளராக இருந்துகொண்டே சுமக்கிறார். விற்க முடியாமல் தவிக்கும் இத்தகைய உரிமையாளர்களின் வீட்டைத் தகுந்த சூழலில் கழகமே வாங்கிக்கொள்ளும் வழி 2022இல் அறிவிக்கப்பட்டது. அது அவருக்குத் தெரியும். ஏன் விண்ணப்பிக்கவில்லை என்றதற்கு, “என் வீட்டை யாரும் வாங்கலன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?” என்றார். என் அறிக்கையின் பரிந்துரைகள் இரண்டும் இந்த இரண்டு பதில்களிலிருந்து பிறந்தவை. வாங்க வருபவரின் தகுதியை முகவரோ இணையத்தளமோ முன்கூட்டியே சரிபார்த்து, வீட்டுக்காரர் வாயால் கேட்கும் நிலையைத் தவிர்க்க வேண்டும் என்பது ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்குள் விற்காத வீட்டின் உரிமையாளரைக் கழகமே தொடர்புகொள்ள வேண்டும், அவர் மனுப் போடட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது மற்றது. இவை சரியான பரிந்துரைகளா என்று நீங்கள் வாதிடலாம். ஐந்து கட்ட வினாத்தாளிலிருந்து மட்டும் இவை முளைத்திருக்காது.

உங்கள் புதிய விதியின்படி இந்த நேர்காணல் தரவே இல்லை. அப்படியானால் நான் அவரிடம் ஆங்கிலத்தில் பேசியிருக்க வேண்டும். பேசியிருக்கலாம், அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகத்தில் 30 ஆண்டுகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் ஆட்களிடம் வேலை வாங்கியவர் அவர். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ‘யெஸ்’ என்று சொல்லியிருப்பார், அதுவும் பொய்யாக இருந்திருக்காது. ஆங்கிலம் அவருக்கு வேலையிடத்தின் மொழி, அதிகாரிக்குப் பதில் சொல்லும் மொழி. அந்த மொழியில் ஆம், இல்லை என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

இது தமிழுக்கு மட்டும் நேர்வதன்று. அரசாங்கத்தின் கம்கேர் நிதியுதவிக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்களைப் பற்றி எழுதிய மலாய்த் தோழி ஒருவர், தம் நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வந்த ‘செகான்’ என்ற சொல்லை மொழிபெயர்க்க மூன்று பக்கம் செலவிட்டார். கூச்சம் என்றால் குறைகிறது. அவமானம் என்றால் மிகையாகிறது. அடுத்தவருக்குச் சிரமம் தரக் கூடாதே என்ற மரியாதையும் அதில் இருக்கிறது. சங்கடத்தையும் வெட்கத்தையும் குறிக்கும் ‘பாய்சே’ என்ற ஹொக்கியன் கிளைமொழிச் சொல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதை மொழிபெயர்க்க முடியாமல்தானே தீவு முழுவதும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். தகுதியிருந்தும் உதவியை ஏன் பெறவில்லை என்ற கேள்விக்கு இந்தச் சொற்களே விடை. அவற்றைத் தரவிலிருந்து விலக்கிவிட்டால் ‘விழிப்புணர்வுக் குறைவு’ என்ற வழக்கமான காரணம் மிஞ்சும். அதற்கு இன்னொரு துண்டுப்பிரசுரம் அச்சடிப்போம்.

உருவகப் பயிற்சியின் முன்னோட்டத்திலும் இருந்தேன். குடியிருப்பாளராக நடிக்க வேண்டிய மாணவருக்கு ஓர் அட்டை தரப்படுகிறது: ‘முதியவர், குறைந்த வருமானம், மாற்றத்தை விரும்பாதவர்.’ ஒரு வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர் அன்று அந்த முதியவரானார். தம் கோரிக்கைகளை மூன்று தலைப்பில் வகுத்துச் சொன்னார், நேரத்துக்குள் முடித்தார், எதிர்த்தரப்பு ஒரு சலுகை தந்ததும் நன்றி சொல்லி அமர்ந்தார். எல்லாருக்கும் நல்ல மதிப்பெண். அமைச்சுகளுக்கிடையே பேரம் நடக்கும் விதத்தைக் கற்க அந்தப் பயிற்சி நன்றாகவே உதவும், அதை வையுங்கள். களப்பணியின் இடத்தில் வைக்காதீர்கள்.

உங்கள் நான்கு காரணங்களில் மதிப்பெண் சீர்மை ஒன்றுதான் எனக்கு உண்மையான சிக்கலாகத் தெரிகிறது. தமிழில் நடந்த நேர்காணலை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்பதை, தமிழ் தெரியாத ஆசிரியர் நம்பித்தான் ஆக வேண்டும். நான் நேர்மையற்றவனாக இருந்தால் பெரியவரின் வாயில் எதையும் வைக்கலாம். ஆனால் இதற்கு மருந்து, மூல வரிகளையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே தரச் சொல்லி, மொழி தெரிந்த ஒருவர் இரண்டாவது வாசிப்பாளராகச் சில பக்கங்களைச் சரிபார்ப்பது. மற்றவை அவ்வளவு கடினமானவை அல்ல. 41 நிமிடப் பதிவை எழுதி மொழிபெயர்க்க எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. உங்களுக்கு ஒரு காசும் செலவில்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறதே தவிர, அது இன்ன மொழியில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை, சன்னலைப் பார்த்த அந்தப் பார்வையைக் கவனித்தவர் யார் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அவருக்கு நீங்கள் தந்த மிக நல்ல வாய்ப்பு அந்தச் சனிக்கிழமை. சமவாய்ப்பு என்ற பெயரில் அதை அவரைப் போன்றவர்களிடமிருந்தும் எடுத்துவிடுகிறீர்கள்.

நீங்கள் சொல்லாத ஒரு காரணமும் இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன்: பகுதிநேர மாணவர்களுக்கு 14 வாரம் பெரும் சுமை. அந்த வாரங்களில் நான் வீட்டில் இருந்த வார இறுதிகளை விரல்விட்டு எண்ணலாம். பாடத்தைக் குறுக்குவதைப் பற்றிப் பேசலாம்.

இந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக அறிவிக்கிறது. ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் இரண்டாம் வாசிப்புக்கு வரும்போது, உறுப்பினர் ஒருவர் எழுந்து அதைப் பற்றித் தமிழில் பேசலாம். உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. பேசியது அதிகாரபூர்வ அறிக்கையில் பதிவாகும். அங்கே சட்டமியற்றப் போதுமான மொழி, அந்தச் சட்டம் எப்படி உருவாகிறது என்று கற்கும் வகுப்பில் மட்டும் ஏன் தரவாகாது என்பதற்குக் குழு எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. ஆகஸ்ட் சேர்க்கைக்கு இந்த இரண்டு மாற்றங்களையும் நிறுத்தி வையுங்கள். களப்பணியைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருங்கள்; சுமை கருதி 10 வாரமாகக் குறைத்தாலும் ஏற்கலாம், ஆனால் ஒருவரை இரண்டு முறையாவது சென்று பார்க்கும் விதி அதில் இருக்க வேண்டும், ஏனெனில் முதல் முறையில் நான் தவறவிட்டதை இரண்டாம் முறையில்தான் பெற்றேன். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும், தேவைப்பட்டால் சீனக் கிளைமொழிகளிலும், நடக்கும் நேர்காணல்களை மூலமும் மொழிபெயர்ப்புமாகத் தரவென்று ஏற்றுக்கொள்ளுங்கள்; அதற்கு இரண்டாவது வாசிப்பாளர்களை நியமியுங்கள். உள்ளூர் மொழி தெரிந்த மாணவரையும் தெரியாதவரையும் இணையாக அனுப்பும் முறையை வழக்கமாக்குங்கள். இந்த முடிவுக்கு முன் எத்தனை மாணவர்களிடமும் பழைய மாணவர்களிடமும் கருத்துக் கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வெளியிடுங்கள். இவற்றுக்கு ஜூன் மாத இறுதிக்குள் பதில் தாருங்கள். நான்கு வரிக்கு மேல் இருக்கட்டும்.

குழுவை நேரில் சந்திக்கவும் அணியமாக இருக்கிறேன். ஒலிப்பதிவைக் குழுவுக்குப் போட்டுக் காட்டப் பெரியவர் சம்மதித்திருக்கிறார். புதன்கிழமை மாலை வகுப்புக்கு வரும்போது கொண்டுவருகிறேன். முழுவதையும் கேட்க நேரமில்லை என்றால், 26ஆம் நிமிடத்திலிருந்து அந்த மின்விசிறிச் சத்தம் அடங்கும் வரை கேட்டால் போதும்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டுப் பகுதிநேர முதுநிலை மாணவன்
சிங்கப்பூர்